புது சிபிஆர் கைட்லைன்ஸ் வந்தாச்சு, பழசு சொல்லிக்குடுத்த நாம என்ன பண்றது?

26 அக்டோபர் 2025 (வாசகர் கேள்வி)

அக்கா, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 22ஆம் தேதி புது சிபிஆர் (இதயம் நின்னவங்களுக்கு நெஞ்ச அமுக்கி மூச்சு குடுக்கற முதலுதவி) கைட்லைன்ஸ் விட்டுட்டாங்க. நான் போன மார்ச்ல தான் பிஎல்எஸ், அதான் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி, முடிச்சேன். மில்லுல சேஃப்டி வேலை, மாசம் ஒரு பேட்ச் ஒர்க்கர்ஸ்க்கு நான்தான் சொல்லிக்குடுக்கறேன். என் ஸ்லைடு எல்லாம் 2020 படி. கார்டு செல்லுமா, ஸ்லைட தூக்கிப் போடணுமா? அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திக்கிட்டே இருந்தா ஜனங்க எதைத்தான் நம்புவாங்க? பேசாம நெஞ்ச அமுக்கறது மட்டும் சொல்லிக்குடுத்துட்டு மத்ததெல்லாம் விட்றலாம்னு இருக்கேன். தப்பா?

27 அக்டோபர் 2025, காலை

மொதல்ல கார்டு. அதுல போட்ருக்கற தேதி வரைக்கும் செல்லும் தம்பி, ரெண்டு வருஷம், புதுசு வந்துருச்சுன்னு பழசு ராத்திரியோட ராத்திரியா செல்லாம போயிடாது.

ஸ்லைடுல முக்காவாசி அப்படியே நிக்கும். நெஞ்செலும்போட கீழ்ப்பாதில கை, பெரியவங்களுக்கு ஆழம் 5 செ.மீ.க்கு குறையாம, 6 செ.மீ. தாண்டாம, நிமிஷத்துக்கு 100லேருந்து 120 அமுக்கு, ஒவ்வொரு அமுக்குக்கும் நெஞ்சு முழுசா மேல வரணும், 30 அமுக்குக்கு 2 மூச்சு, நாடி பாக்க 10 செகண்டுக்கு மேல கிடையாது. இதுல எதுவும் மாறல. மொதல் நாள் பாடத்த அப்படியே எடுக்கலாம்.

மாறினதுல நமக்கு வேண்டியத சொல்றேன். இதுவரைக்கும் பெரியவங்களுக்கு, குழந்தைக்கு, ஆஸ்பத்திரிக்குள்ள, வெளிலன்னு தனித்தனியா போட்ருந்த உயிர்ச்சங்கிலி (உயிர காப்பாத்த ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னா செய்ய வேண்டிய படிகள்) இப்ப எல்லாருக்கும் ஒரே சங்கிலி. தொண்டைல அடைச்சா பெரியவங்களுக்கும் மொதல்ல முதுகுல அஞ்சு தட்டு, அப்புறம் வயித்துல அஞ்சு அமுக்கு, மாத்தி மாத்தி. கைக்குழந்தைக்கு ரெண்டு விரல் வச்சு அமுக்கறத எடுத்துட்டாங்க, இனிமே ரெண்டு கட்டைவிரல்தான். ஏஇடி (இதயத்துக்கு ஷாக் குடுக்கற மெஷின்) பேட் ஒட்டறப்ப பெண்களுக்கு பிராவ கழட்ட வேண்டாம், தள்ளிவிட்டா போதும். 12 வயசுப் பிள்ளைங்களுக்கே சிபிஆரும் ஏஇடியும் கத்துக்குடுக்கலாம்னு தெளிவா எழுதியிருக்காங்க. போதைமருந்து மயக்கத்துக்கு குடுக்கற நலோக்சோன்ங்கற மருந்து பத்தி நிறைய இருக்கு, அது அவங்க ஊர் பிரச்சனை பெருசா இருக்கறதால, மில் வகுப்புல அதுக்கு நேரம் ஒதுக்க வேண்டாம்.

உன் கடைசி கேள்விக்கு பதில் ஒரு வரில முடியாது, பொறுமையா எழுதறேன்.

27 அக்டோபர், ராத்திரி

காலைல எழுதினதுல ஒரு தப்பு. கைக்குழந்தைக்கு ரெண்டு கட்டைவிரல்தான்னு எழுதிட்டேன், பாதிதான் சரி. ஒரு கையோட அடிப்பாகத்த வச்சும் அமுக்கலாம், இல்ல ரெண்டு கையாலயும் நெஞ்ச சுத்திப் பிடிச்சு கட்டைவிரலால அமுக்கலாம், ரெண்டுமே சரி. ஆழம் பழையபடி நெஞ்சு கனத்துல மூனுல ஒரு பங்கு, சுமார் 4 செ.மீ.

ரெண்டு விரல ஏன் எடுத்தாங்கன்னு பயிற்சி பொம்மைல ஒரு தடவ செஞ்சு பாத்தவங்களுக்கே புரியும். மொத பத்து நல்லா போகும், அப்புறம் விரல் வளையும், ஆழம் கொறையும், சரியான ஆழத்துக்குப் போனா பொம்மைல வர்ற க்ளிக் சத்தம் நிக்கும். நான் வருஷக்கணக்குல "இன்னும் அழுத்துங்க இன்னும் அழுத்துங்க"ன்னு நர்சிங் பிள்ளைங்கள கத்தியிருக்கேன், பாவம் அதுங்க விரல்ல அவ்ளோ வலு எங்கேருந்து வரும்.

29 அக்டோபர் 2025

முதுகுல தட்டறது பத்தி. இது எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம், அதனால நீளமா எழுதறேன்.

நம்ம வீடுகள்ல சாப்புடறப்ப புரையேறினா என்ன பண்ணுவாங்க? பெரியவங்க உச்சந்தலைல தட்டி "யாரோ நினைக்கிறாங்க"ம்பாங்க, அடுத்த நிமிஷம் முதுகுல தட்டுவாங்க. நான் வகுப்புல நின்னு "முதுகுல தட்டவே தட்டாதீங்க, பொருள் இன்னும் உள்ள போயிடும், நேரா பின்னாடி நின்னு வயித்த அமுக்குங்க"ன்னு சொல்லியிருக்கேன். அமெரிக்கப் பாடத்துல பெரியவங்களுக்கு அப்படித்தான் இருந்துச்சு. ஹைம்லிக்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1974ல அந்த வயித்து முறைய எழுதினார், அப்புறம் முதுகுல தட்டறதே ஆபத்துன்னு அவர் ரொம்ப தீவிரமா பேசினார், அந்தப் பேச்சு பாடத்துக்குள்ளயும் வந்துருச்சு. ஐரோப்பாக்காரங்க பூரா அஞ்சு தட்டு அஞ்சு அமுக்குன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கைக்குழந்தைக்கு நம்ம பாடத்துலயே முதுகுத்தட்டு எப்பவும் உண்டு. அதாவது ஒரே வகுப்புல காலைல குழந்தைக்கு தட்டுங்க, மத்தியானம் பெரியவருக்கு தட்டாதீங்கன்னு நாம சொல்லிக்கிட்டு இருந்தோம், யாராச்சும் ஏன்னு கேட்டா பதில் சொல்லத் திணறுவோம்.

ஸ்ரீரங்கத்துல ஒரு குடியிருப்புல வகுப்பு எடுத்தப்ப எழுபது வயசு இருக்கற ஒரு அம்மா எந்திரிச்சு "எம் பேரனுக்கு புளியங்கொட்டை மாட்டுனப்ப குனிய வச்சு முதுகுல நாலு போட்டேன், வந்து விழுந்துச்சு, நீ தப்புங்கறியே"ன்னு கேட்டாங்க. பையனுக்கு அப்ப பத்து வயசாம். நான் அவங்களுக்கு பொறுமையா விளக்கறேன்னு நெனச்சுக்கிட்டு எல்லார் முன்னாடியும் அவங்க செஞ்சது ஆபத்துன்னு நிறுவிட்டுதான் உக்காந்தேன். அவங்க ஒன்னும் பேசாம தலைய ஆட்டிக்கிட்டாங்க. அந்த மொகம் எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அவங்க குனிய வச்சது சரி, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல அடிச்சது சரி, எல்லாமே சரி.

30 அக்டோபர்

நேத்து எழுதினத படிச்சுட்டு ஒருத்தர் "அப்ப புரையேறினா உடனே முதுகுல போடலாமா"ன்னு கேட்ருக்கார். இல்லைங்க. இருமல் பலமா வருது, பேச முடியுதுன்னா தொடாதீங்க, இரும விடுங்க, கூடவே நில்லுங்க. சத்தம் வரல, கை தொண்டைக்குப் போகுது, மொகம் நீலம் பாயுதுன்னா அப்பத்தான் குனிய வச்சு உள்ளங்கையோட அடிப்பாகத்தால அஞ்சு தட்டு, வரலன்னா வயித்துல அஞ்சு. நிறைமாச கர்ப்பிணிக்கு வயித்த தொடாம நெஞ்சுல அமுக்கணும். கைக்குழந்தைக்கு வயித்து அமுக்கு கிடையவே கிடையாது, முதுகுல அஞ்சு, நெஞ்சுல அஞ்சு. ஆளு மயங்கி விழுந்துட்டா கீழ படுக்க வச்சு சிபிஆர். மூச்சு குடுக்கப் போறப்பல்லாம் வாய தொறந்து பாருங்க, பொருள் கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் எடுங்க. தெரியாம விரல விட்டுத் துழாவுனா உள்ளதான் தள்ளுவீங்க.

2 நவம்பர் 2025

அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஏன் மாத்தறாங்கன்னு கேட்டல்ல தம்பி. நான் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சது 2009ல. அப்ப மொதல்ல மூச்சுப்பாதை, அப்புறம் மூச்சு, அப்புறம்தான் நெஞ்சு. ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு, 2010ல தலைகீழா மாத்தி நெஞ்ச மொதல்ல கொண்டாந்துட்டாங்க. அன்னிக்கு எனக்கு வந்த கோவம் உன் கோவத்த விடப் பெருசு. மனப்பாடம் பண்ணின பாட்ட திருப்பி வாசிக்கச் சொன்ன மாதிரி இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா, வாயத் தொறந்து, மாஸ்க்க தேடி, மூச்சு குடுக்கலாமா வேணாமான்னு தயங்கி நிக்கற நேரத்துல ரத்தம் ஓடாம நின்னுக்கிட்டு இருந்துச்சு. அத மாத்தினது சரிதான். 2015ல "குறைஞ்சது 100"ங்கறதுக்கு 120ன்னு மேல ஒரு எல்லை போட்டாங்க, ஏன்னா வெறி வேகத்துல அமுக்கறவங்களுக்கு ஆழம் போகல. 2020ல பிழைச்சவங்க தேறி வீட்டுக்குப் போறவரைக்கும் பாக்கணும்னு சங்கிலில ஆறாவது கண்ணிய சேத்தாங்க. 1992லேருந்து பல நாட்டுக் கவுன்சில்கள் ஐஎல்கார்னு ஒரு கூட்டமைப்புல சேந்து ஆராய்ச்சிகள அலசறாங்க, அத வச்சு அந்தந்த ஊர்க்காரங்க விதி எழுதறாங்க. செத்துப்போனவங்க கணக்க பாத்துத்தான் ஒவ்வொன்னும் மாறுது. அத நான் மதிக்கறேன்.

வேகம்னு சொன்னதும் ஒன்னு ஞாபகம் வருது, இது எந்த கைட்லைன்ஸ்லயும் இல்ல, நான் வகுப்புல கண்டுபிடிச்சது. தமிழ்ல சத்தமா எண்ணச் சொன்னா பத்து வரைக்கும் வேகம் கச்சிதமா இருக்கும், பதினொன்னு பன்னெண்டு தாண்டி பதினேழு பதினெட்டுக்கு வந்தா வார்த்தை நீளமாகி கை தானா மெதுவாயிடும், இருபத்தேழு இருபத்தெட்டுல கிட்டத்தட்ட நின்னே போயிடும். அதனால நான் ஒன்னுலேருந்து பத்து, மறுபடி ஒன்னுலேருந்து பத்து, மறுபடி ஒன்னுலேருந்து பத்துன்னு மூனு தடவ எண்ண வைப்பேன். 30 அமுக்கு 15லேருந்து 18 செகண்டுக்குள்ள முடியணும், ஸ்டாப்வாட்ச் வச்சு பாரு, உன் மில் ஆளுங்களுக்கும் இதே கதைதான் இருக்கும்.

9 நவம்பர் 2025

நீ கேட்ட கடைசி கேள்விக்கு வரேன். நெஞ்ச மட்டும் சொல்லிக்குடுத்துட்டு மத்தத விட்றலாமா?

நானும் அப்படித்தான் இருந்தேன். பொதுமக்கள் வகுப்புன்னா மூச்சுப் பகுதிய முழுசா எடுத்துடுவேன். நம்ம நாட்டு மயக்கவியல் டாக்டர்கள் உருவாக்குன கோல்ஸ் முறையும் பொதுஜனத்துக்கு அமுக்கு மட்டும்தான் சொல்லுது, அதுக்கு நல்ல காரணமும் இருக்கு. வீட்ல நெஞ்சு வலின்னு விழுந்த மனுஷனோட ரத்தத்துல மொத சில நிமிஷத்துக்கு ஆக்சிஜன் இருக்கும், அத மூளைக்கு தள்ளிவிட்டாலே பெரிய வேலை. வாயில வாய் வைக்கணும்னு சொன்னா பத்துல எட்டு பேர் ஒதுங்கி நின்னுடுவாங்கன்னு நான் கண்ணால பாத்துருக்கேன்.

மூனு வருஷம் முன்னாடி, ஆடி மாசம். மேட்டூர் தண்ணி வந்து காவிரி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. நான் ஒரு காலேஜ்ல சொல்லிக்குடுத்த பையன், அவன் ஊர் படித்துறைல ஒரு சின்னப் பையன தண்ணிலேருந்து தூக்கிப் போட்ருக்காங்க. கூட்டம் அவன தலைகீழா தூக்கி சுத்தப் பாத்துச்சாம், வயித்த அமுக்கி தண்ணி எடுங்கன்னு ஒருத்தர் கத்துனாராம். இவன் எல்லாரையும் விலக்கிட்டு மண்டி போட்டு நெஞ்ச அமுக்க ஆரம்பிச்சுட்டான். 108 வர்ற வரைக்கும் நிறுத்தல. ராத்திரி எனக்கு போன் பண்ணி "அக்கா நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், மூச்சே குடுக்க வேணாம்னு சொன்னீங்கல்ல, அமுக்கிக்கிட்டே இருந்தேன்"னு சொன்னான். பையன் பிழைக்கல.

தண்ணில மூழ்கினவங்களுக்கு கதை வேற. மொதல்ல ஆக்சிஜன் தீந்துபோகும், அதுக்கப்புறம்தான் இதயம் நிக்கும். அமுக்கினா ஓடறது ஆக்சிஜன் இல்லாத ரத்தம். அவங்களுக்கு மூச்சுதான் மொத மருந்து. 2024ல நீரில் மூழ்கறதுக்குன்னே தனியா ஒரு திருத்தம் வெளியிட்டு, பயிற்சி எடுத்தவங்க மூச்சுலேருந்து ஆரம்பிக்கணும், மூச்சும் அமுக்கும் சேத்துத்தான் செய்யணும்னு எழுதினாங்க. ஆனா இது 2024ல பொறந்த அறிவு இல்ல, முன்னாடியே பாடத்துல ஓரமா இருந்துச்சு. நேரம் மிச்சம் பண்ண நான்தான் அந்த ஓரத்த வெட்டினேன்.

மூச்சு குடுத்துருந்தா அந்தப் பையன் பிழைச்சிருப்பானான்னு எனக்குத் தெரியாது. எவ்ளோ நேரம் தண்ணிக்குள்ள இருந்தான்னு யாராலயும் சொல்ல முடியல. அந்தத் தம்பிகிட்ட "நீ செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல"ன்னு சொன்னேன், அது உண்மை. சொல்லிக்குடுத்ததுல குறை இருந்துச்சுன்னு சொல்ல அன்னிக்கு எனக்கு வாய் வரல.

10 நவம்பர்

நேத்து எழுதினத வச்சு அமுக்கு மட்டும் முறை தப்புன்னு யாரும் எடுத்துக்காதீங்க. வயசானவர் பொசுக்குன்னு விழுந்தா, மூச்சு குடுக்கத் தெரியலன்னா, மனசு வரலன்னா, அமுக்குங்க, நிறுத்தாம அமுக்குங்க. ஒன்னும் செய்யாம நிக்கறத விட அது ஆயிரம் மடங்கு மேல். நான் சொல்றது, காவிரி கொள்ளிடம் கரை ஊருக்கும், கிணறு குளம் இருக்கற ஊருக்கும், சின்னப் பிள்ளைங்கள பாத்துக்கறவங்களுக்கும் மூச்சையும் சேத்து சொல்லிக்குடுங்கங்கறதுதான். கொள்ளிடத்துல மணல் அள்ளின குழி எங்க இருக்குன்னு பழக்கப்பட்டவங்களுக்கே தெரியறதில்ல. அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு போய் மூச்சே வேணாம்னு சொல்ல முடியுமா.

வயித்த அமுக்கி தண்ணி எடுக்கறது, தலைகீழா சுத்தறது ரெண்டும் கூடவே கூடாது, வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போகும். வாயில நுரை தள்ளினா தொடைச்சுக்கிட்டே உக்காராதீங்க, மூச்ச குடுங்க. உப்புக்குள்ள பொதைச்சு வச்சா உயிர் வரும்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அத நம்பி நேரத்த தொலைக்காதீங்க, கை எடுத்து கும்புட்டு கேக்கறேன்.

மில்லுல உனக்கு தண்ணி இல்ல, கரண்ட் இருக்கு. மெயின ஆஃப் பண்ணாம ஆள தொடக்கூடாதுங்கறத மொத ஸ்லைடுல வை.

16 நவம்பர் 2025

ஏஇடி பத்தி ஒரு சிஸ்டர் கேட்ருந்தாங்க. பேட் ஒன்னு வலது காறை எலும்புக்கு கீழ, இன்னொன்னு இடது அக்குளுக்கு கீழ விலாவுல. நேரா தோல்ல ஒட்டணும், ஈரம் இருந்தா தொடைச்சுட்டு ஒட்டணும். இதுவரைக்கும் நெஞ்ச முழுசா தொறங்கன்னு சொல்லிக்குடுத்தோம். புதுசுல பிராவ கழட்டாம தள்ளிட்டு ஒட்டலாம்னு போட்டது சின்ன வரிதான், நம்ம ஊருக்கு அது எவ்ளோ பெருசுன்னு வகுப்பு எடுக்கறவங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு ஆய்வுகள்லயே பொது எடத்துல விழற பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்கள விட கம்மியாத்தான் சிபிஆர் கிடைக்குதுன்னு வந்துருக்கு. நம்ம பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணு விழுந்தா "யாராச்சும் லேடீஸ் வாங்க"ன்னு கூப்புட்டுக்கிட்டே நிப்பாங்க.

ஆனா நம்ம எல்லா பொம்மையும் ஆம்பளை பொம்மை, சட்டை கூட இருக்காது. நான் போன வாரம் ஒரு பொம்மைக்கு ரவிக்கை போட்டு, சேலை சுத்தி, முந்தானைல ஊக்கு குத்தி, கழுத்துல ஒரு கயிறும் மாட்டி வச்சேன். ஆம்பளை பசங்க கிட்டயே வரல. மொத ஒருத்தன் வந்து முந்தானைய ஒதுக்கி கைய வச்சதுக்கு அப்புறம்தான் மத்தவங்க வந்தாங்க. தாலிய அறுக்க வேணாம், பேட் படாத மாதிரி ஓரமா தள்ளினா போதும், இத வாய்விட்டு சொல்லணும், சொல்லலன்னா அந்த எடத்துல கை நின்னுடும்.

இன்னொன்னு, இதுக்கு சம்பந்தம் இல்ல ஆனா சொல்லிடறேன். விழுந்தவர் விட்டு விட்டு வாயத் தொறந்து மூச்ச இழுத்தா நம்ம சனம் "உசுரு இருக்கு, இழுத்துக்கிட்டு இருக்கு"ன்னு சொல்லி வாயில தண்ணி ஊத்தும், வயசானவங்கன்னா பால் ஊத்தும். அந்த இழுப்பு மூச்சே இல்ல, இதயம் நின்னதோட அடையாளம். ஆளு அசையல, சரியான மூச்சு இல்லன்னா உடனே கட்டில்லேருந்து தரைக்கு எறக்கி அமுக்க ஆரம்பிக்கணும். மெத்தைல வச்சு அமுக்கினா மெத்தைதான் உள்ள போகும்.

30 நவம்பர் 2025

புதுப் பாடத்த வச்சு மொத வகுப்பு எடுத்தேன், ஒரு ஸ்கூல்ல ஏழாவது எட்டாவது பிள்ளைங்க. 12 வயசுக்கு பலம் பத்தாதுன்னு டீச்சர்ஸ் சொன்னாங்க. பலம் சில பிள்ளைங்களுக்கு பத்தலதான், ஒல்லிப் பிள்ளைங்க எக்கி எக்கி விழுந்து அமுக்கினாலும் க்ளிக் வரல. ஆனா 108க்கு போன் போட்டு ஊர் பேரு, தெரு, பக்கத்துல என்ன கோயில்னு பதறாம சொன்னது அதுங்கதான். பெரியவங்க வகுப்புல இந்த எடத்துல பாதி பேர் தடுமாறுவாங்க. கைக்குழந்தை பொம்மைக்கு கையோட அடிப்பாகத்த வச்சு எல்லாரும் மொத தடவையே சரியா செஞ்சாங்க, வீட்ல தம்பி தங்கச்சி இருக்கற பிள்ளைங்க ரொம்ப கவனமா.

ஒரு பையன் கேட்டான், "போலீஸ் பிடிக்காதா மிஸ்?" 12 வயசுல அந்த பயம். ரோட்டுல அடிபட்டவங்களுக்கு நல்ல எண்ணத்தோட உதவறவங்க மேல வழக்கு வராம பாதுகாப்பு குடுத்து 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவு சேத்துருக்காங்கன்னு அவனுக்கு போர்டுல எழுதிப் போட்டேன். நோட்டுல எழுதிக்கிட்டான், அப்பாகிட்ட காட்டணுமாம்.

18 ஜனவரி 2026

தம்பி, நீ மில்லுல பண்ணினத எழுதியிருந்த, பழைய பேட்ச் ஆளுங்கள ஷிஃப்ட் முடியறப்ப அரை மணி நேரம் நிறுத்தி முதுகுத்தட்டையும் குழந்தை சிபிஆரையும் மட்டும் திருத்திச் சொன்னேன்னு. அதுதான் வேணும். ஸ்லைட மாத்தறது ஒரு மணி நேர வேலை. ஏற்கனவே நம்மகிட்ட கத்துக்கிட்டு போனவங்க கைல பழசு உக்காந்துருக்கு, அவங்களுக்கு யாரும் மெயில் அனுப்ப மாட்டாங்க.

நானும் பழைய வருகைப் பதிவேட்ட எடுத்து வச்சு பொங்கல் லீவுல போன் போட்டேன். எடுத்தவங்க பாதிதான். ஸ்ரீரங்கத்துக்கு நேராவே போனேன், அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியல. நான் யாருன்னு சொல்லி, அன்னிக்கு நீங்க செஞ்சது சரி, நான் சொன்னதுதான் தப்புன்னு சொன்னேன். "அதுக்கு என்ன இப்போ, அவன் சென்னைல வேலைக்குப் போறான்"னு சொல்லி காபி போடப் போயிட்டாங்க.

படித்துறை ஊர் தம்பிக்கு கடைசியாத்தான் போன் போட்டேன். சொல்ல வேண்டியத சொன்னேன், மூச்சும் சேத்து சொல்லிக்குடுத்துருக்கணும், சொல்லலன்னு. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "எங்க ஊருக்கு வந்து சொல்லிக்குடுங்கக்கா, மேட்டூர் தொறக்கறதுக்கு முன்னாடி வாங்க"ன்னான். மே மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை ஒதுக்கியிருக்கேன். நாலு பொம்மை, ஒரு கைக்குழந்தை பொம்மை, வாயில வாய் படாம மூச்சு குடுக்கற பாக்கெட் மாஸ்க் எத்தன தேத்த முடியுமோ அத்தன. திருச்சி பக்கம் இருக்கற இன்ஸ்ட்ரக்டர்ஸ் யாராச்சும் கூட வரீங்களா? ஒரு ஆளுக்கு ஆறு பேருக்கு மேல வச்சா மூச்சு குடுக்கறப்ப நெஞ்சு மேல வருதான்னு பாக்க முடியாது.